விரிப்புக்குக் கீழே துரு

மார்ச் 5, வியாழன்

லேபில் இன்று கூட்டம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் எல்லோரும் என்மீதே எரிந்து விழுந்தார்கள். பசி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காலை முழுவதும் யாராவது ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் குரலை உபயோகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

புதுக் கார் வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இன்று மேம்பாலத்தில் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தும் பதறாமல் ஓட்டினேன். சொல்ல ஆளில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 7, சனி

கடையிலிருந்து வரும்போது வெங்காயப் பை டிக்கிக்குள் கிழிந்துவிட்டது. உருண்டதைப் பொறுக்க விரிப்பைத் தூக்கினேன். ஸ்டெப்னி டயர் இருக்கும் குழிக்குள் கையை விட்டு எடுத்தால் விரல் நுனியில் பழுப்பாக ஏதோ. முதலில் ரத்தம் என்றே நினைத்தேன், காய்ந்த ரத்தம். தொழில் புத்தி. முகர்ந்து வேறு பார்த்தேன். அதே இரும்பு வாடை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். துரு. குழியின் விளிம்பு முழுக்க, போல்ட்டைச் சுற்றி, தகடுகள் சேரும் இடத்தில் எல்லாம். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. பிறகு முன்சீட்டைத் தள்ளி அதன் அடியில் பார்த்தேன். அங்கேயும்.

புது வண்டி! இன்னும் வாசனைகூடப் போகவில்லை!

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு டிக்கியைச் சாத்தினேன். யாரையாவது கூப்பிட்டு, "இங்க வந்து இதைக் கொஞ்சம் பாரேன்" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான், சரி செய்யக்கூட வேண்டாம். பார்த்தால் போதும்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் வெளியூரிலிருந்து பேசினாள். ஞாயிறு தவறாமல் பேசுவாள்.

"வண்டி எப்படிம்மா ஓடுது?"

"ஜம்முனு ஓடுது."

"பாத்து ஓட்டும்மா. நீ கார் வாங்கினதுல இருந்து எனக்கு ஒரே பயமா இருக்கு."

இவளிடம் துருவைப் பற்றி எந்த வாயால் சொல்வது? வாங்கும் முன்பே, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா கார்? யாரை ஏத்திட்டுப் போகப் போற?" என்று கேட்டவள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவள் மறந்திருப்பாள். எனக்கு மறக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

அரை நாள் லீவு போட்டு ஷோரூம் போனேன். டை கட்டிய மேனேஜர் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார். கையை உள்ளே விடவில்லை.

"இது மேலாப்ல இருக்கிற துரு மேடம். காத்து பட்டா இரும்புக்கு வர்றதுதான். நீங்க எங்கயாவது தண்ணில விட்டீங்களா?"

"இல்ல."

"உள்ள தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?"

"இல்லங்க."

"ஒண்ணு பண்ணுங்க. சாரைக் கூட்டிட்டு வாங்க. அவர்கிட்ட விளக்கிச் சொல்றேன், புரிஞ்சுக்குவாரு."

"அவர் ஊர்ல இல்ல. அடுத்த வாரம் வருவார்" என்றேன்.

எதுக்குச் சொன்னேன்? என்னத்துக்குச் சொன்னேன்? அவர் இதே ஊரில்தான் இருக்கிறார். வேறு வீட்டில், வேறு ஒருத்தியோடு, வருஷக்கணக்காக. அடுத்த வாரம் அல்ல, எந்த வாரமும் வரப்போவதில்லை. மேனேஜர் கேட்டதும் வாய் தானாக அவரை எனக்காக வரவழைத்துவிட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் சாவியைப் போடவே இல்லை.

மார்ச் 14, சனி

படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்திருக்கிறது. கருத்தாம்.

மார்ச் 18, புதன்

லேபில் யாரிடமாவது சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மார்ச் 21, சனி

எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. என் வண்டி மாதிரி வண்டி எங்கே நின்றாலும் குனிந்து அடியில் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, பேங்க் வாசலில் ஒன்று. சுத்தமாக இருந்தன. எனக்கு மட்டும்தானா என்று இன்னும் வயிற்றெரிச்சல்.

இன்று மார்க்கெட் பக்கத்தில் ஒரு வண்டி, என்னுடையதைப் போலவே புத்தம் புதுசு. மண்டி போட்டுத் தலையை அடியில் விட்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்:

"என்னக்கா, சாவி விழுந்துடுச்சா?"

ஈரத்தலை, கழுத்தில் விசில். பக்கத்து நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவளாம். வண்டி அவளுடையது.

"உங்க வண்டில துரு இருக்கான்னு பாத்தேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் டிக்கியைத் திறந்தாள். விரிப்பைத் தூக்கினோம். சிரிப்பு நின்றது.

"அட நாசமாப் போறவங்களா!"

குளத்தின் அந்தக் கோடி வரை கேட்க வேண்டிய குரல் அது. காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். எனக்கோ, எழுதவே கூச்சமாக இருக்கிறது, சந்தோஷம். இன்னொருத்தி வண்டியும் துருப்பிடித்திருக்கிறது என்பதில் அப்படி ஒரு சந்தோஷம்!

அவளும் அதே ஷோரூமில்தான் வாங்கியிருக்கிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

இருவரும் சேர்ந்து போனோம். டைக்காரர் என்னைப் பார்த்ததும், "சார் வந்துட்டாரா மேடம்?" என்றார்.

"சார்னு யாரும் இல்ல. வண்டி என் பேர்ல இருக்கு. என்கிட்டயே விளக்குங்க."

லேபில் ஊசி குத்தும்போது என் குரல் எப்படி இருக்குமோ அப்படி நிதானமாக இருந்தது. நானே சொன்னேனா என்று ஆச்சரியம்.

"அப்படியே எனக்கும் விளக்குங்க. சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் காதுல தண்ணி அடைச்சிருக்கு" என்றாள் நீச்சல்காரி. வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பமே எங்கள் பக்கம் திரும்பியது. அடுத்த நிமிஷம் எங்களை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள்.

என் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். முதல் தடவையாக அதன் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பார்க்கிறேன். துருவைவிட எனக்கு உறுத்தியது மூலைகளில் காய்ந்து ஒட்டியிருந்த சேறு. நான் ஓட்டியதெல்லாம் தார்ச்சாலையில். இந்தச் சேறு எங்கிருந்து வந்தது?

கேட்டேன். டைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"மழையப்ப நம்ம கிடங்குல கொஞ்சம் தண்ணி நின்னுச்சு மேடம்."

"கொஞ்சம்னா?"

"...முட்டிக்கு மேல."

நீச்சல்காரி விசிலை எடுத்து ஊதியே விட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். வேண்டாம், வேறு வண்டிதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறோம்.

தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். "என்னக்கா, டைக்காரன் ஏதாவது வாயத் திறந்தானா?" அதில் ஆரம்பித்து எங்கெங்கோ போகிறது பேச்சு. நேற்று கேரட் நறுக்கிக்கொண்டே பேசினாள், கத்திச் சத்தம் கேட்டது. நானும் ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். எனக்கு அது தேவையே இல்லை.

ஏப்ரல் 11, சனி

ஜெயித்துவிட்டோம். இருவருக்கும் வேறு வண்டி. டார்ச்சோடு போய் விரிப்பு, சீட், அடிப்பக்கம் எல்லாம் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். "நீங்க மட்டும் அன்னிக்குக் குனியலைன்னா!" என்று கட்டிப் பிடித்தாள். குளோரின் வாடை.

ஏப்ரல் 15, புதன்

போன் வரவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை.

ஏப்ரல் 18, சனி

நானே கூப்பிட்டேன். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"அக்கா, கிளாஸ்ல இருக்கேன். அப்புறம் கூப்பிடவா?"

"தாராளமா."

கூப்பிடவில்லை. அவள்மேல் தப்பில்லை, ஒரு குளம் நிறையப் பிள்ளைகள் அவளுக்கு. வண்டி சுத்தமாக இருக்கிறது. குறை சொல்ல ஒரு புள்ளி இல்லை. துரு இருந்தபோது பேசவாவது ஒரு விஷயம் இருந்தது — என்ன புத்தி இது?

ஏப்ரல் 19, ஞாயிறு

"வண்டி எப்படிம்மா இருக்கு?" என்றாள் மகள்.

"எது, பழசா புதுசா?"

வாய் தவறிவிட்டது. பிறகு மறைக்க என்ன இருக்கிறது? வெங்காயத்தில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அவர் ஊர்ல இல்ல" என்று சொன்னதையும் சேர்த்து.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீதான் கார் வேணாம்னியே."

"கார் வேணாம்னா, எதையும் என்கிட்ட சொல்லாதன்னு அர்த்தமா?"

மூக்கை உறிஞ்சினாள். சளியா அழுகையா, நான் கேட்கவில்லை.

"ரெண்டு நாள் லீவு கேட்டுப் பாக்கறேன்."

"எதுக்குடி?"

"சும்மாதான். உன் வண்டியப் பாக்க."

மே 1, வெள்ளி

நாளை வருகிறாள். ஸ்டேஷனுக்கு வராதே, டாக்ஸியில் வந்துவிடுகிறேன் என்றாள். வருவேன் என்றேன்.

மே 2, சனி

ஏறியதும் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு மேலே உள்ள பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பது எனக்குத் தெரிந்தது.

"அம்மா, பஸ்."

"பாத்துட்டேன்."

"அம்மா, சைக்கிள்."

"ஏன்டி, கண்ணாடி போட்டுட்டுத்தானே ஓட்றேன்?"

சிரித்தாள். டைக்காரர் எப்படி இருப்பார் என்று கேட்டாள், அவர் மாதிரி பேசிக் காட்டினேன். இன்னும் பலமாகச் சிரித்தாள். பிறகு பேச்சு நின்றது. கோபமோ என்று சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருக்க, பிடியை விட்ட கை மடியில் மல்லாந்து கிடந்தது. வெயில் அவள் கழுத்தில் விழுந்தது, முன்கண்ணாடிக்கு மேல் அவள் பக்கம் இருந்த வெயில் மறைப்பை மெல்ல இறக்கிவிட்டேன்.

எங்கள் தெரு வந்தது. வீடும் வந்தது. வண்டியை நிறுத்தினால் விழித்துவிடுவாள்.

நிறுத்தாமல் தாண்டிப் போனேன்.