அப்பாவின் கல்லறைக்கு நீ அனுப்பிய கவிதை

அன்பு மகன் ஆல்வினுக்கு,

ஆம்பூரிலிருந்து அம்மா. கர்த்தருடைய கிருபையால் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ஹாம்பர்க்கில் நீயும் நிஷாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெபத்தில் சேர்க்க முடியாத ஒரு விஷயத்துக்காகவே இக்கடிதம். அப்பாவின் முதல் நினைவுநாளில் நடவேண்டிய கல்லுக்கு நீ அனுப்பிய கவிதையைப் பள்ளிகொண்டா கல்தச்சர் அருணகிரியிடம் கொடுத்தேன். ‘நீ’ ஒரு வரி, ‘ஓர்’ ஒரு வரி, ‘ஆலமரம்’ ஒரு வரி என்று அது இறங்கிக்கொண்டே போகிறது. “இன்னா டீச்சரம்மா, தம்பி படிக்கட்டு கட்டிக்கினு போவுது, இதுக்கு ஆள் உசரம் கல்லு வேணுமே” என்றவர், என்னைக் கேட்காமலே எல்லா வரிகளையும் சேர்த்துக் கல்லில் பென்சிலால் ஒரே பத்தியாக எழுதி வைத்துவிட்டார். சண்டை போடத்தான் போனேன். படித்துப் பார்த்தால் உன் கவிதையில் ஒன்றும் குறையவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். நீ யாப்பை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. கல்லூரியில் புதுக்கவிதைக்காகப் புலவர்களோடு மல்லுக்கட்டியவள் நான். ஆனால் எதுகையும் மோனையும் சுமந்த பாரத்தை, வரி முறியும் இடம் சுமக்க வேண்டும். சேர்த்தெழுதினால் எதையும் இழக்காத வரியை எதற்காக முறித்தாய், மூச்சு வாங்கியதா? போதாததற்கு ஆலமரம், அன்புக்கடல்! டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டிய மனிதரடா அவர்.

ஒரே ஓர் இடத்தில்தான் அருணகிரியின் பென்சில் மேல் கோபம் வந்தது. ‘வேலைவிட்டு வந்ததும் கையை முகர்ந்து பார்ப்பார்’ என்று ஒரு வரி, ‘பிறகே என்னைத் தொடுவார்’ என்று அடுத்த வரி. இரண்டையும் சேர்த்ததும் உன் அப்பா தயங்காமல் வந்து தொட்டுவிடுகிறார். தோல் நாற்றம் போயிற்றா என்று வாசலில் நிற்பாரே, அந்த நிற்றல் காணாமல் போய்விட்டது. அங்கே மட்டும் பிரிக்கச் சொன்னேன். “மொத்தமும் சேத்தாச்சு, இங்க மட்டும் எதுக்கும்மா?” என்றார். “அங்கதான் அவர் நிப்பாரு” என்றேன். பென்சிலை எடுத்துப் பிரித்து எழுதினார். மீதியை அழிக்கச் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு வரி மட்டுமே கல்லில் ஏறும். வேத வசனம் இல்லாத கல்லா என்று உன் அத்தை ஹெலன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். அது என் பாடு. மாதக் கடைசியில் உளி வைக்கிறார். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் வாயைத் திறந்து சொல், கட்டைவிரல் படம் அனுப்பாதே. கீழே உன் பெயரைப் பொறிக்கக் கேட்டிருந்தாய், பொறிக்கவில்லை. அவர் கையை முகர்ந்தபோது எதிரில் காத்து நின்ற பிள்ளை யாரென்று படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நல்ல சுகத்தையும், உனக்குக் கொஞ்சம் பொறுமையையும் அருளட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அம்மா,
எஸ்தர் ஜோசுவா