பாசிப்பச்சைச் சட்டைக்காரன்

என்னங்க,

சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. வாஷிங் மெஷின் பாக்க மெக்கானிக் வருவார். பக்கத்துல நின்னு அவருக்குப் பாடம் எடுக்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஷெல்ஃப்ல நான் பாதி பின்னி வெச்சிருந்த நூல் பொம்மையக் காணோம். கூடையில புதுசா ஒரு பாசிப்பச்சை நூல் உருண்டை இருக்கு. பொம்மையோட தலை சோபாவுக்கு அடியில கிடக்கு. இடுப்புல தொங்கின நூலை, பிசிறுன்னு நெனச்சு இழுத்திருக்கீங்க. முடிச்சுப் போடாத நூல், கழுத்து வரைக்கும் பிரிஞ்சு வராம என்ன பண்ணும்? கைதவறிப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? அழகா உருண்டை சுத்தி வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி போய்ப் படுத்துக்கிட்டீங்க.

அதுக்கு முன்னாடி என்ன பேச்சு பேசினீங்க. "செடி வளக்கிறவன், சைக்கிள்ல ஊர் சுத்தறவன், சமைச்சுக் காட்டற அம்மா, யூடியூப்ல வர்ற அத்தனை பேரும் பொம்மையா நம்ம வீட்டு ஷெல்ஃப்ல உக்காந்திருக்காங்க. கட்டின புருஷனுக்குத்தான் இடமில்லை." அப்புறம் அந்தப் பொம்மையக் கையில எடுத்து, "இந்தத் தொப்பைக்காரன் எந்தச் சேனல்?"னு ஒரு கேள்வி. நான் முழுசா முடிச்சுட்டுக் காட்டலாம்னு இருந்தேன்.

வெளிய போனா, வீட்டுச் சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கு.

மறந்துட்டேன், மெக்கானிக்குக் காபி போட்டுக் குடுங்க.

இன்னொண்ணு. அந்தத் தொப்பைக்காரனுக்குச் சேனல் எதுவும் கிடையாது. அவனோட பாசிப்பச்சைச் சட்டை உங்க பீரோவுலதான் தொங்குது. அவன் மூக்குக்கண்ணாடிக்குக் கம்பி வாங்கத்தான் இப்ப கடைக்குப் போறேன். நூல் உருண்டையத் தொடாதீங்க.