ரீடிங் வராத ஏரி

அடியே,

நேற்றுக் காலை ஆபீசில் இடம் மாற்றும்போது, உன் மேசைக்குக் கீழே கிடந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே நம்முடைய பழைய சென்சார். ஒயரில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து உதிர்ந்தது. அந்த ஏரி நாற்றம் மட்டும் போகவில்லை. நீ கண்ணை மூடி இரண்டு கோடை ஆகிவிட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொம்மனஹள்ளி தாண்டி இருக்கிற சின்ன ஏரியில் நாம் இரண்டு பேரும் கட்டிவிட்டு வந்தது அது. ஒரு வெயில் காலத்தில், தண்ணீர் தாறுமாறாகச் சூடாகிறது என்று காட்டியது. எந்த ஃபேக்டரி கொதிநீரைத் திறந்துவிடுகிறதோ என்று பெரிய மீட்டிங்கே போட்டோம். நேரில் போய்ப் பார்த்தால் ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சென்சார் கம்பத்தில் தொங்கிக்கொண்டு வெறும் வெயிலை அளந்திருக்கிறது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நல்லா பண்ணோம் போடி, காத்துக்கு ஜுரம் பாத்திருக்கோம்!"

சிரித்து முடித்த பிறகுதான் உன் பிடிவாதம் ஆரம்பித்தது. வெறும் எண் போதாது, சென்சார் தண்ணீரில் கிடக்கிறதா, காற்றிலா, சேற்றிலா என்பதும் கூடவே பதிவாக வேண்டும் என்றாய். எது ஏரி, எந்தச் சென்சார் எதை அளக்கிறது, எதற்கு எதனோடு என்ன உறவு என்று கணினிக்குப் புரிகிற மாதிரி உட்கார்ந்து எழுதினாய். மற்றவர்கள் அதை ஆன்டாலஜி என்றார்கள். நீ "சொந்தபந்தம் யாரு யாருன்னு சொல்ற மாதிரிதான்டி" என்பாய். அதில் வற்றிய ஏரியும் ஏரிதான். "தண்ணி இல்லன்னா ஏரியே இல்லன்னு ஆயிடுமா? அப்படி எழுதினா மறுநாளே லேஅவுட் போட்டுடுவாங்க."

நேற்று மதியம் புது மேனேஜர் அந்த வற்றிய ஏரியைத்தான் நம் மேப்பிலிருந்து எடுக்கச் சொன்னார். "ரீடிங் வராததெல்லாம் எதுக்கு? மேப் கிளீனா இருக்கணும்." மனைக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் பார்க்கிற மேப் அது. உன்னைப் போல் எனக்குக் கத்த வராது. ஏதோ வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. என் கையால் அழிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் வேறு யாரோ அழித்துவிட்டார்கள். மேப்பில் இப்போது அது காலி நிலம்.

அலுத்துவிட்டதடி. சொன்னதையே எத்தனை பேரிடம் சொல்வது? இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே என்று உன் மேல்கூடக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

இன்று சனிக்கிழமை. நாள் முழுக்கத் தூங்கலாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. தெருமுனைக்கு வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தினேன்.

"எங்க மேடம்?"

"பொம்மனஹள்ளி தாண்டி, ஏரிக்கு."

"கெரேயா? அங்க ஏது மேடம் ஏரி? பொட்டலாத்தானே கெடக்குது."

ஏறி உட்கார்ந்தேன்.

"ஏரிதாங்க அது. போங்க."