ஏழாம் சுவிட்சில் தொங்கும் பூட்டு

அனுப்புநர்:
மூத்த எலக்ட்ரீஷியன்,
பராமரிப்புப் பிரிவு, அட்டைப்பெட்டி ஆலை.

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: சுவிட்சைப் பூட்டிய பின்னும் இயந்திரம் ஓடியது – பூட்டவில்லை என எழுதித் தரக் கேட்பது – நேரில் ஆய்வு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இயந்திரத்தில் கை வைக்குமுன் அதன் சுவிட்சை அணைத்து, சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்வது எங்கள் முறை. பூட்டியவர் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. பத்தொன்பது ஆண்டுகளாக நான் இதில் தவறியதில்லை என்றே நினைத்திருந்தேன்.

2. சென்ற மாதம் மின்பலகைக்குப் பெயிண்ட் அடித்தவர்கள், பசை கலக்கும் இயந்திரத்தின் ஏழாம் எண்ணையும் பசை நெடியை வெளியேற்றும் விசிறியின் எட்டாம் எண்ணையும் மாற்றி ஒட்டிவிட்டனர். சரிசெய்யுமாறு சூப்பர்வைசர் பராமரிப்புப் புத்தகத்தில் எழுதினார். காலையில் நான் எண்களை இடம் மாற்றி ஒட்டி, அவரிடம் வாயால் சொன்னேன். புத்தகத்தில் அது ஏறவில்லை. மாலை ஷிப்டு எலக்ட்ரீஷியன் அதே குறிப்பைப் படித்து, ஒயர்களை இடம் மாற்றிவிட்டார். ஏழாம் எண் மறுபடியும் விசிறிக்கே போய்விட்டது. இருவரும் சரிதான் செய்தோம். அதனால் தவறாகிவிட்டது. இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

3. கடந்த சனிக்கிழமை மதிய இடைவேளையில் ஏழாம் சுவிட்சைப் பூட்டினேன். விசிறியும் அப்போது ஓடாததால் சந்தேகம் வரவில்லை. இயந்திரத்தை இயக்கும் பித்தானை அழுத்திப் பார்த்தேன். இயந்திரம் ஓடவில்லை. மூடி திறந்திருந்தால் அது எப்படியும் ஓடாது என்பது எனக்குத் தோன்றவில்லை. அது என் தவறு, மறைக்கவில்லை. ஃபிட்டர் இயந்திரத்தின் அடியில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததென்று எண்ணி ஆபரேட்டர் மூடியை மூடிப் பித்தானை அழுத்தினார். ஃபிட்டரின் மணிக்கட்டு முறிந்தது.

4. அவர் என் தங்கையின் கணவர். தூக்கிச் செல்கையில், "மச்சான், நீ பூட்டினதானே?" என்று கேட்டார். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆமாம் மாப்பிள்ளை" என்றேன். தங்கை என்னிடம் பேசுவதில்லை.

5. "பூட்டாம வேலை செஞ்சேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, விஷயம் முடிஞ்சிடும்" என்கிறார் சூப்பர்வைசர். எழுதினால் முடிந்துவிடும் என்பதுதான் என் பயம். பலகையில் இருபத்துநான்கு சுவிட்சுகள். எல்லா எண்களையும் பெயிண்ட் அடித்த அன்று உரித்துத்தான் ஒட்டினார்கள். எவை ஒரு முறை திருத்தப்பட்டன, எவை இரு முறை என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நாளை யார் எதைப் பூட்டி எதற்குள் கை விடுவாரோ.

6. என் பூட்டு இன்றும் ஏழாம் சுவிட்சில் தொங்குகிறது. விசிறி ஓடாமல் பசை நெடியில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். ஆனாலும் நான் பூட்டியதற்கு வேறு சாட்சி இல்லை. நாளை அதை அறுக்கப் போவதாகச் சொல்கிறார்கள்.

ஆகவே தாங்கள் உடனே நேரில் வந்து, இருபத்துநான்கு சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டுகிறேன். பூட்டியவரே திறக்க வேண்டும் என்ற முறையை முதன்முறையாக மீறி, சாவியை இத்துடன் இணைத்துள்ளேன்.

இடம்: மின்பலகை அறை
நாள்: சம்பவம் நடந்து ஐந்தாம் நாள்

இப்படிக்கு,
(ஒப்பம்)
பூட்டிய எலக்ட்ரீஷியன்

இணைப்பு: சாவி – 1