ஞாயிறு காலை பத்து மணி

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சர்வர் பக்கத்தைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை. 'சான்றிதழ் காலாவதி: அக்டோபர் 12, ஞாயிறு, காலை 10.00.' பன்னிரண்டு நாள் இருக்கிறதே என்று மூடிவிட்டுக் கோக்கோ குடிக்கப் போனேன். பாதிக் கோப்பையில் எழுந்து ஓடி வந்தேன்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளை ஞாயிறு! சபையே பிள்ளைகளுடையது அன்று. என் லோசா முதல்முறையாக வசனம் சொல்லப்போகிறாள். அவள் முறை ஒன்பதரைக்கு. ஏழு வயதுக்கு எட்டு வரி. குளிக்கும்போதும் அதையேதான் சொல்கிறாள். முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

நாளை முதல் வேலையாகப் புதுப்பித்துவிட வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

அவ்வளவு சுலபமில்லை. எனக்கு எதுதான் சுலபமாக வந்தது?

பழைய சான்றிதழை எந்தக் கணக்கில் வாங்கினோமோ அதே கணக்கில்தான் புதுப்பிக்க வேண்டும். கணக்கு அண்ணன் பெரெலினியின் பெயரில் இருக்கிறது. ஓடிபி அவன் போனுக்குத்தான் போகும். டேப்லெட்டுகள் எங்கள் சர்வரை நம்புவதே அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான்; என் பெயரில் புதிதாக வாங்கினால் அவை என்னை அந்நியளாக நினைத்து வாயை மூடிக்கொள்ளும். மொத்தம் இருநூற்று அறுபது டேப்லெட்டுகள், எங்கள் இரண்டு தீவுகளான உபோலுவிலும் சவாயீயிலும் செவிலியர்கள் கையில். எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போட்டது, எது பாக்கி, எல்லாம் அதில்தான். சான்றிதழ் போனால் ஊர் ஊராகப் போய் ஒவ்வொன்றையும் வாங்கி, துடைத்து, முதலிலிருந்து பதிய வேண்டும். துடைத்தால், இன்னும் அனுப்பாத குறிப்புகளும் சேர்ந்து போகும்.

அவனைக் கூப்பிட வேண்டும். ஜூனில் விமான நிலையத்தில் பார்த்ததுதான் கடைசி. இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டு ஆக்லாந்துக்குப் புறப்பட்டான். வீட்டார் எல்லாரும் பார்க்க, வழியனுப்ப அவன் கழுத்தில் நான் போட்ட மிட்டாய் மாலையை நானே பிடுங்கினேன். "ஓடிப்போறவனுக்கு மாலை ஒரு கேடா?"

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 3, வெள்ளி

அண்ணனுக்குப் போன் செய்யாமல் சான்றிதழ் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன், கணக்கை என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி.

சவாயீயிலிருந்து செவிலி தலிகி கூப்பிட்டார். அவர் இன்று காலை அனுப்பியதை எங்கள் அறிக்கை நேற்று வந்ததாகக் காட்டுகிறதாம். இருக்கிற கவலையில் இது வேறா? டேப்லெட்டை அணைத்துப் போடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கம்பெனி பதில் போட்டுவிட்டது. பத்து வேலை நாள் ஆகுமாம்.

மேலாளர் லெமலு அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாம் சொன்னேன், மாலை விஷயம் தவிர. அவர் பெரிய மனிதர், குரலே உயராது. "உங்க அண்ணன்தானேம்மா? ஒரு போன் போட்டா முடிஞ்சுது" என்றார். ஆமாம் ஐயா, ஒரு போன்தான்.

அக்டோபர் 8, புதன்

கூப்பிடவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'ஓடிபி வேண்டும். அவசரம். ஞாயிறு பத்து மணிக்குள்' என்று செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

பார்த்துவிட்டும் சும்மா இருக்கிறான் பார்! நான் ஒருத்தி இங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

லோசாவின் வெள்ளைச் சட்டையை இரண்டு முறை தேய்த்தேன். கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது, கண் போனில்.

நாளை ஆபீஸ் போகிறேன் என்று கணவர் இயோசுவாவிடம் சொன்னேன். அண்ணன் ஒன்பது ஐம்பதுக்கு மனமிரங்கி எண்ணைச் சொன்னாலும் நான் அந்த இயந்திரத்தின் முன்னால் இருக்க வேண்டும். வெளியிலிருந்து அதைத் தொட முடியாது, அதுவும் அண்ணன் போட்ட பூட்டுதான். இயோசுவா நான் தேய்த்த சட்டையை எடுத்து மாட்டினார். பிறகு, "நீயே அவகிட்ட சொல்லிடு" என்றார்.

சொன்னேன். லோசா அழவில்லை. "சரி" என்றாள். அழுதிருக்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு ஆபீஸ். தெருவில் ஆள் இல்லை. எல்லாக் கோயிலிலிருந்தும் பிள்ளைகள் பாட்டு. ஒன்பதரைக்கு ஜன்னலைச் சாத்தினேன். ஒன்பது ஐம்பதுக்கு, இனி எண் வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்று தோன்றியது. அண்ணனுக்கு எழுதினேன்: 'மாலையைப் பிடுங்கியது தப்பு. எல்லார் முன்னாலும் பிடுங்கியது அதைவிடத் தப்பு. நல்லா இருக்கியா?'

பத்து மணி. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் திரையில் இருநூற்று அறுபது டேப்லெட்டும் பச்சை! பத்தே கால், பத்தரை, அப்போதும் பச்சை. சந்தேகம் வந்து, இப்போது என்ன நாள் என்று சர்வரையே கேட்டேன்.

சனிக்கிழமை என்றது. அக்டோபர் 11.

ஐயோ, பாகோ பாகோ. பக்கத்துத் தீவில் இருக்கும் ஊர். அண்ணன் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது கட்டிய சர்வர் இது. கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் கம்ப்யூட்டர்தானே, ஒரே கோப்பாக நகலெடுத்துப் பையில் போட்டுக் கொண்டுவந்து இங்கே ஏற்றினான். ஊரை மாற்றினான், தேதியை மாற்றவில்லை. அரை மணி விமானம், அதே பாஷை, அதே சொந்தக்காரர்கள். ஆனால் நடுக்கடலில் தேதிக்கோடு, அவர்களுக்கு எப்போதும் ஒரு நாள் பின்னால். அந்தப் பெட்டி இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு எனக்கு ஞாயிறு என்று சொன்னதெல்லாம் எங்கள் திங்கள். செவிலி தலிகி அன்றைக்கே சொன்னாரே! அணைத்துப் போடச் சொன்னேன், மடச்சி.

ஓடினேன். பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். லோசா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது வரியில் என் காலி இடத்தைப் பார்த்து நின்றுவிட்டாளாம். டீச்சர் எடுத்துக் கொடுத்துத்தான் முடித்தாளாம். படம் பிடிக்கிறேன் என்ற இயோசுவா அழுதுகொண்டு நின்றதில் பிடிக்கவில்லை. மத்தியானம் வழக்கப்படி பிள்ளைகளுக்குத்தான் முதல் தட்டு, பெரியவர்கள் பரிமாறினோம். தேங்காய்ப்பாலில் சேம்பிலை வேகவைத்த பலுசாமியை அவள் தட்டில் வைத்தேன். அப்பா வைக்கட்டும் என்றாள்.

மூன்று மணிக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"நாலு மாசம் கழிச்சு தங்கச்சி மெசேஜ் போட்டிருக்காளேன்னு ஆசையா பார்த்தா, ஓடிபி கேக்குற. திருட்டுப்பய கூட முதல்ல நல்லாருக்கீங்களான்னு கேப்பான்டி."

பாகோ பாகோ விஷயத்தைக் கேட்டேன். தெரியுமாம். திங்கள் வரை நேரம் இருக்கிறதென்றுதான் முறைத்துக்கொண்டிருந்தானாம்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"வெள்ளை ஞாயிறு அன்னைக்குப் புள்ளைய விட்டுட்டு நீ ஆபீஸ்ல போய் உக்காருவேன்னு நான் கண்டேனா?"

இப்போதே போய் முடித்துவிடு, எண் சொல்கிறேன் என்றான். இன்றைக்கு இனி அந்தப் பெட்டி இருக்கிற பக்கமே போக மாட்டேன் என்றேன். காலையில் எட்டரைக்குக் கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள், விடுமுறை

காலையில் லோசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பாகோ பாகோ, நான் ஏமாந்தது, மாமாவின் மாலை. தலையாட்டாமல் கேட்டாள். உள்ளே போனாள். நேற்றைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"அந்தப் பெட்டிக்கு இன்னிக்குத்தானே ஞாயித்துக்கெழமை? அதுகிட்ட சொல்லப் போறேன். நீ வேணும்னா கேட்டுக்கோ."

ஆபீஸில் நாங்கள் இருவர் மட்டும். எட்டரைக்குக் கூப்பிட வேண்டிய அண்ணன் ஒன்பது பத்துக்குத்தான் கூப்பிட்டான், உயிர் போய் வந்தது. எண்ணைச் சொன்னான். ஆறு இலக்கம், முதல் தடவை அவசரத்தில் தப்பாக அடித்தேன். இரண்டாவது எண் வர ஏழு நிமிடம் ஆனது. ஒன்பது இருபத்தாறுக்கு மஞ்சள் பட்டை மறைந்தது. இருநூற்று அறுபதும் பச்சை. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

"மாமா, போனை வெச்சிடாதீங்க" என்றாள் லோசா. வைக்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கை காட்டினாள். நாற்காலியை அவள் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் அக்டோபர் 12, ஞாயிறு, 9.31.

இரண்டாவது வரியில் அவள் நிற்கவில்லை.