டி.எம்.எக்ஸ். என்றால் மிக்சர்

எந்த வண்டியையும் நம்பர் பார்க்காமல் போகவிடாத என் அஞ்சலைக்கு,

ஒரு சேதி இருக்கிறது. அதை முதலிலேயே சொன்னால் மீதியைக் கேட்காமல் எழுந்து போய்விடுவாய். உன் புத்தி எனக்குத் தெரியாதா? அதனால் கடைசியில்தான் சொல்வேன். அதுவரை கொஞ்சம் பொறு. உயிரோடு இருந்தபோதுதான் பொறுமை உன்னிடம் இல்லை.

உன் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் லாரிக்காரர்கள். வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே அழுதேன். துக்கத்தில் ஏதோ முணுமுணுக்கிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் கொடுத்தாள். நான் நம்பர் பலகைகளுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். உனக்காக வேறு எப்படி அழுவது, சொல்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் ஆட்டம் தெரியாது. கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வடக்கனந்தல் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் வண்டி நம்பருக்கு முன்னால் மூன்று இங்கிலீஷ் எழுத்து இருக்கும். அந்த மூன்றும் உள்ளே வருகிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்ல வேண்டும். எழுத்துகள் முன்னே பின்னே இருக்கலாம். ஊர்ப் பெயர், ஆள் பெயர் செல்லாது. முதலில் சொன்னவள் ஜெயித்தாள். தோற்றவள் மற்றவளின் பையையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

ஒருநாள் டி.எம்.க்யூ. என்று ஒரு வண்டி வந்தது. நான் முழித்துக்கொண்டிருக்க, நீ உன் முழங்கையில் பட்டென்று அடித்து, "மொஸ்கிட்டோ" என்றாய். கொசுவும் செத்தது, நானும் தோற்றேன். டைப்ரைட்டரில் நாள் முழுக்க எழுத்து எழுத்தாகத் தட்டிய எனக்கு வராத வார்த்தை எல்லாம் உனக்கு மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ.

அப்போதுதான் உன் வீட்டில் உன்னை உன் மாமனுக்குக் கட்டிவைக்கப் பேச்சு எழுந்தது. "ஒரு வேலையில சேர்ந்துட்டு வந்து சொல்லு, கல்யாணப் பேச்ச உட்டுடறேன். இல்லன்னா கழுத்த நீட்டு" என்று உன் அப்பா சொல்லிவிட்டார். உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் டைப் அடிக்க ஆள் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார் முதலாளி. வரவில்லை என்றால் அவர் கணக்கப்பிள்ளையின் தங்கை தயாராக இருந்தாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் முற்றியது. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எலவனாசூர் தாண்டியதும் நம் பஸ் நின்றுவிட்டது. "இதுக்கு மேல போவாதும்மா, எறங்கிக்குங்க" என்றார் டிரைவர். நீ இறங்கின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"போச்சுடி தனம். எல்லாம் போச்சு."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எதிரே பார்த்தேன். சாலை ஓரமாகக் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதல் வண்டியைக் காட்டினேன்.

"டி.எம்.எக்ஸ். சொல்லு."

"இப்ப இதாண்டி உனக்கு முக்கியம்? என் வாழ்க்கையே போய்க்கினு இருக்குது."

"சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். பைய நீதான் தூக்கணும்."

மூக்கைச் சிந்திவிட்டு, "மிக்சர்" என்றாய். வண்டியில் குந்தியிருந்த வழுக்கைத்தலை டிரைவர் நிஜமாகவே கையில் மிக்சர் பொட்டலம் வைத்திருந்தார். "பசிக்குதா பாப்பா? இந்தா, எடுத்துக்கோ" என்று நீட்டினார். நீ அழுகையும் சிரிப்புமாக ஒரு பிடி வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நடந்தாய். அவ்வளவுதான், நாம் உளுந்தூர்பேட்டைக்குக் கிளம்பிவிட்டோம்.

அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் வலிக்கவில்லை, வாய்தான் வலிக்கிறது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வார்த்தை. டி.என்.இசட்.டுக்கு நான் சிட்டிசன் என்றேன், நீ அதையே முதலில் நினைத்ததாகச் சண்டை பிடித்தாய். டி.எம்.ஜே. வண்டிக்குள் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் "அட்ஜஸ்ட்மெண்ட்" என்று கத்தினாய். கொஞ்ச நேரத்தில் டிரைவர்களே, "எங்க வண்டிக்கு இன்னா வார்த்த?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். செருப்பு அறுந்துபோனதைக்கூட நான் நெடுநேரம் கவனிக்கவில்லை.

வெட்டிப் போட்ட ஒரு புளியமரத்தின் மேல் நம் வயசுப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகிறோம் என்று கேட்டார்கள். நீ பயந்துகொண்டே, "வேலைக்கு" என்றாய்.

"நாங்களும் வேலைக்குத்தாங்க இங்க குந்திக்கினு கீறோம். நீங்களாவது போய்ச் சேருங்க" என்று கிளையை விலக்கிப் பிடித்தான் ஒருவன். நாம் தாண்டும்வரை பிடித்திருந்தான். அவனுக்கு வேலை கிடைத்ததா அஞ்சலை?

ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது உன் புடவை முழுக்கப் புழுதி. முதலாளி உன்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போன் வேலை செய்யவில்லை. மலையிலிருந்து கடுக்காய் ஏற்றிய அவருடைய வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று தெரியவில்லை. எரித்துவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். தலையில் கை வைத்துக்கொண்டு, "வேலையும் இல்ல ஒண்ணும் இல்ல, போயிட்டு அப்புறமா வாம்மா" என்றார்.

நீ போகவில்லை. "வண்டி நம்பர் சொல்லுங்க சார்" என்றாய்.

எரிச்சலோடு ஒன்றைச் சொன்னார்.

"மிக்சர் வண்டி. எலவனாசூர் தாண்டினதும் முதல்ல நிக்குது சார். வழுக்கத்தல டிரைவர். நல்லா கீறாரு. மூட்ட ஒண்ணுகூட கலையல."

அவர் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த நம்பரைச் சொன்னார்.

"அட்ஜஸ்ட்மெண்ட். அது புளியமரத்துக்கு அந்தாண்ட. அஞ்சு பேரு குந்தி சாப்ட்டுக்கினு இருந்தாங்க."

அவருடைய வண்டி ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, யார் இருக்கிறார்கள் என்று நாம் மாற்றி மாற்றிச் சொன்னோம். ஒன்றுகூட எரியவில்லை. அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "குந்தும்மா. திங்கக்கிழமைலேர்ந்து வந்துடு." உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவே இல்லை.

அவருக்குப் பிறகு அந்த ஆபீஸையே நீ எடுத்து நடத்தினாய். லாரி உலகத்தில் பொம்பளையா என்று கேட்டவர்கள் பிறகு உன் ஆபீஸில் லோடுக்குக் காத்துக் கிடந்தார்கள். எனக்கு அப்போது இருந்த கர்வம் இருக்கிறதே, உனக்குக்கூட அவ்வளவு இல்லை.

நீ போன பிறகு உன் மகள் சுகன்யா, "இந்த டிரைவர் பஞ்சாயத்தெல்லாம் எனக்கு ஒத்துவராது பெரிம்மா. ஆபீஸ மூடிடலாம்" என்றாள். நான் தடுக்கவில்லை. நாம் நடந்த கதையை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மிக்சர், பை தூக்குவது, எதையும் விடவில்லை. கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

இப்போது சேதியைச் சொல்கிறேன். போன வாரம் போன் போட்டு, கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டு வரச் சொன்னாள். போனால், புத்தம்புது லாரி. நெற்றியில் உன் பெயர். நம்பர் பலகையை அப்போதுதான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். டி, என், கொஞ்சம் தள்ளி எக்ஸ். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நெக்ஸ்ட்."

திரும்பிப் பார்த்தேன். உன் பழுப்புத் தோல்பையை என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றாள் உன் மகள். "தோத்தவங்கதான தூக்கணும் பெரிம்மா?"

தூக்கினேன் அஞ்சலை. கடைத்தெரு முழுக்க எல்லாரும் பார்க்க, தலை நிமிர்ந்து தூக்கிக்கொண்டு போனேன். ஆபீஸ் மூடவில்லை. நாம் நடந்து வாங்கிய நாற்காலியில் உன் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதே, நிஜமாகவே தோற்றேன். அடுத்த வண்டிக்கு அவளை விடமாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

உன் பையைச் சுமந்து பழகிய கூட்டாளி,
உன் மகளுக்குப் பெரியம்மா,
தனம்