மேலே தூக்கும் கதவு

1939 ஜனவரி 22, ஞாயிறு

வீட்டுக்காரருடைய வாடகை மோட்டார் நிற்கிற கொட்டகைக்கு இன்று கதவு மாட்டினார்கள். எங்கள் சந்து குறுகல். இரட்டைக் கதவு வைத்தால் எதிர்வீட்டுச் சுவரில் இடிக்கும். அதனால் இவர் பட்டணத்தில் ஒரு பட்டறையில் சொல்லி, மேலே தூக்குகிற மாதிரி ஒரே தகடாக இரும்புக் கதவு செய்து வாங்கிவந்திருக்கிறார். பக்கத்துக்கு ஒரு கம்பிக் கயிறு, மேலே ஒரு சக்கரத்தின் மேல் ஓடுகிறது. கயிற்றின் மறுமுனையில் இரும்புக் குண்டு. கைப்பிடியைத் தூக்கினால் குண்டு இறங்குகிறது, கதவு தானாக மேலே போய் நிற்கிறது.

இவருடைய சிநேகிதர் எத்திராஜ் அம்பத்தூரிலிருந்து இதைப் பார்க்கவே வந்தார். "இன்னா மாமே கோதண்டம், ரெண்டு வெரல்ல தூக்கறே! எனக்கும் ஒண்ணு சொல்லு."

வசந்தா கதவின் அடி விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மேலே போனாள். "நைனா, இன்னொரு தபா!" ஏழு வயசுப் பெண் இப்படியா என்று நாத்தனார் பொன்னம்மாள் அதட்டினார். இவர் சிரித்தார். நானும்.

பிப்ரவரி 14

கள்ளிக்குப்பத்தில் கல்யாணச் சவாரி. போன இடத்தில் எத்திராஜைப் பார்த்தாராம். அவர் வீட்டிலும் அதே பட்டறைக் கதவு மாட்டியாயிற்று. "பசங்க நாள் முச்சூடும் அதுங்கீழயே ஆடிக்கினு கீதுங்க" என்றாராம்.

வசந்தாவுக்கு ஒரு பல் விழுந்தது. கூரைமேல் எறியமாட்டேன், நானே வைத்துக்கொள்வேன் என்று ஒரே பிடிவாதம்.

மார்ச் 6

மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். ஜட்கா வெளியே நிற்கிறது. எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்றுக் காலை. ஆவடி ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தார். கதவைத் தூக்கி நிறுத்திவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து, "வா கண்ணு, வந்து குந்து" என்று கூப்பிட்டார். ஓடினாள். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னமோ தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஒரு பக்கத்துக் கயிறு அறுந்திருக்கிறது. பாரம் தாங்காமல் மறுபக்கத்துக் கொக்கியும் பிடுங்கிக்கொண்டது. அப்புறம் கதவு விழுந்த சத்தம்.

அவள் கத்தவே இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

அவர் உள்பக்கம், நான் வெளிப்பக்கம். தூக்குகிறோம், தூக்குகிறோம், அசையவில்லை. இரண்டு விரலில் தூக்கின கதவு. தெருவில் போனவர்கள் ஓடிவந்துதான் நகர்த்தினார்கள்.

அதே வண்டியில்தான் பட்டணத்துக்குக் கொண்டுபோனோம். என் மடியில் கிடந்தாள். "பேசிக்கினே இரு, தூங்க உடாதே, தூங்க உடாதே" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

இன்று மத்தியானம் கண் திறந்தாள். "நைனா, ரயிலு பூட்ச்சா?" என்று கேட்டாள். "இல்ல கண்ணு. நிக்குது" என்றார்.

கண் திறந்துவிட்டாள். பேசினாள். பிழைத்துக்கொள்வாள். பிழைச்சுக்குவா.

மார்ச் 8

வசந்தா போய்விட்டாள்.

மார்ச் 25

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் விதி என்கிறார்கள்.

இன்று கொட்டகைக்குப் போனேன். வேண்டாம் என்று பொன்னம்மாள் அக்கா தடுத்தும் போனேன். கதவைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அறுந்த கயிறு கீழே கிடந்தது. முனை துடைப்பம் மாதிரி பிரிந்திருந்தது. மேலே சக்கரத்தைப் பார்த்தேன். ஒரு விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. தூக்கும்போதும் இறக்கும்போதும் கயிறு அதில் உரசியிருக்கிறது. தினமும் ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வந்திருக்கிறது. நாங்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மேலே போன கதவு இறங்காமல் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி இல்லை, முட்டுக் கொடுக்க ஒரு கட்டை இல்லை. பட்டறைக்காரன் சொல்லவில்லை. சொல்லாததைக் கேட்க எங்களுக்கும் தெரியவில்லை.

இதுதான் விதியா?

அப்புறம் வீட்டுக்குள் வந்து படுத்தேன். படுத்த பிறகுதான் உறைத்தது. அம்பத்தூரில் எத்திராஜ் வீட்டில் இதே கதவு. அங்கே மூன்று பிள்ளைகள்.

ஏப்ரல் 3

அவரிடம் சொன்னேன். "அம்பத்தூருக்கு ஒரு நடை போய் எத்திராஜ் அண்ணன்கிட்ட சொல்லிட்டு வாங்க."

"இன்னானு சொல்றது?"

"நடந்ததைத்தான்."

"என்னால ஆவாது, தாட்சாயிணி." அவ்வளவுதான். எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். துக்கத்துக்கு எத்திராஜ் வந்திருந்தபோதும் இவர் தலை நிமிரவில்லை. எத்திராஜ்தான் அழுதுவிட்டுப் போனார். கதவைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை. இவர் வண்டியைத் தொட்டு ஒரு மாசம் ஆகப்போகிறது. சவாரி கேட்டு வருகிறவர்களைப் பொன்னம்மாள் அக்காதான் திருப்பி அனுப்புகிறார்.

ஏப்ரல் 12

வருஷப் பிறப்பு வருகிறது. இந்த வருஷம் ஒன்றும் கிடையாது என்று அக்கா அண்டை அயலில் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 16

அம்பத்தூர் போய்வந்தேன். தனியாக, ஜட்காவில். அவரிடம் சொல்லவில்லை.

எத்திராஜ் வீட்டில் இல்லை. அவர் மனைவி அன்னம்மாள் என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்து மறித்த மாதிரி நின்றுகொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காத தாட்சாயிணி. உள்ள பசங்க கீதுங்க."

புரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. வெயிலிலேயே நின்று சொன்னேன். "கதவு ஏறும்போதும் இறங்கும்போதும் பசங்கள கிட்ட உடாதீங்க அக்கா. தொங்க உடாதீங்க. அண்ணனை ஏறி அந்தக் கயித்தப் பாக்கச் சொல்லுங்க. மேல போச்சுன்னா ஒரு சங்கிலி போட்டு மாட்டச் சொல்லுங்க."

"ஒனக்கு ஆனது எங்களுக்கும் ஆவணுமா? வாய வெக்கறதுக்குன்னே இம்மாந்தூரம் வந்தியா?"

"ஆவக் கூடாதுன்னுதான் அக்கா வந்தேன்."

அவள் தோளுக்குப் பின்னால் கொட்டகை தெரிந்தது. கதவு மேலே நின்றது. அதற்கு நேர் கீழே அவளுடைய கடைசிப் பெண் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. அன்னம்மாளைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறேன். குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அது பயந்து வீறிட்டது. என் கையிலிருந்து அன்னம்மாள் பிடுங்கிக்கொண்டாள். "போயிடு. எம் பொண்ணத் தொடாதே. போயிடு!"

வந்துவிட்டேன்.

அந்தக் குழந்தையின் கனம் இன்னும் கையில் இருக்கிறது. பாவி நான், ஒரு நிமிஷம் கொடுக்க மனசே வரல.

ஏப்ரல் 17

ஜட்காக்காரன் மூலம் இவர் காதுக்கு எட்டிவிட்டது. திட்டுவார் என்று இருந்தேன். விடிந்ததும் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. கதவில்லாத கொட்டகையிலிருந்து பின்பக்கமாக எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பொழுது சாயத்தான் வந்தார். கையெல்லாம் எண்ணெய் மசி.

"எத்திராஜ் ஊட்டுக்குப் போயிருந்தேன். கயிறு நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் மாத்தியாச்சு. சக்கரத்து விளிம்ப அரத்தால ராவிட்டோம். ரெண்டு பக்கமும் சங்கிலி போட்டாச்சு."

"பசங்க?"

"மூணையும் நிக்க வெச்சு சொன்னேன்."

"இன்னா சொன்னீங்க?"

கை கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வாளியை இறைத்துக் கீழேயே கொட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல். பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வேறென்ன செய்ய?

ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். காலையில் தெருவெல்லாம் பிள்ளைகள் சத்தம். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 2

அன்னம்மாள் வந்தாள். உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள். "வாங்க அக்கா" என்றேன். வந்து உட்கார்ந்தவள் பேச ஆரம்பித்து, முடியாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்றாள். எனக்குக் கோபமே இல்லை, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

சண்டை மூண்டுவிட்டது, இனி பெட்ரோல் கிடைப்பதே கஷ்டம் என்று ஊரெல்லாம் பேச்சு. இருந்தும் இன்று நசரத்பேட்டைக்குக் கிளம்பினார். அங்கே ஒரு வீட்டில் இப்படிக் கதவு மாட்டியிருக்கிறார்களாம். எத்திராஜ் சொல்லி, வந்து பார்க்கும்படி ஆள் அனுப்பியிருந்தார்கள். கிளம்பும்போது, "நீயும் வா" என்றார்.

அந்த வண்டியில் ஏற எனக்குக் கால் வரவில்லை. வெளியே இறங்கி நின்று, பின்கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. ஏறினேன்.

அந்த வீட்டு அம்மா பெயர் ராஜம்மா. நல்ல மாதிரி. எங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இவர் ஏணி வைத்து ஏறிச் சக்கரத்தைத் தடவிப் பார்த்து, சங்கிலியை மாட்டி இழுத்துப் பார்த்தார். மாசத்துக்கு ஒரு தரம் கயிற்றைப் பார்க்கவேண்டும், ஒரு இழை பிரிந்தாலும் மாற்றவேண்டும், சங்கிலி மாட்டாமல் கீழே யாரும் நடக்கக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொன்னார்.

ராஜம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஒனக்கு எத்தினி பசங்கம்மா?"

டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்ல? இல்லை என்றா? இருந்தாள் என்றா?

ஏணிமேலிருந்து அவர் குரல் வந்தது.

"ஒரு பொண்ணு. வசந்தா."

சொல்லிவிட்டு, சங்கிலியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.